ரொட்டிக்காரனின் முறை

சமவெளிக் கிராமமான வல்தேரோசாவில் எவெலியாவை இறைச்சிக் கடையில் பார்க்க வேண்டுமானால், காலை ஒன்பது மணிக்குக் கடைக்காரன் இரும்புத் திரையைத் தூக்கும் அந்த நிமிடத்தில் போக வேண்டும். இல்லையென்றால் மதியம் இரண்டு மணிக்கு, அவன் திரையை இறக்கப் போகும்போது. இடையில் கடைக்குள் மூன்று பேர் இருந்தாலே அவள் வாசலோடு திரும்பிவிடுவாள். ஊர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. "பாவம், பாங்குல மாட்டினவ. கூட்டம்னா நடுக்கம்" என்று தனக்குள் சொல்லிக்கொள்ளும். அறுபத்தேழு வயதாகிறது அவளுக்கு. முப்பத்தேழு வருடமாக அந்தப் பரிதாபத்தை வேண்டாமென்று சொல்லத் துணிவில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்குப் பயம் கூட்டத்தைப் பார்த்து அல்ல. அந்த ஊரில் கடையானாலும் டாக்டர் வீடானாலும் யாரும் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவராக நிற்பதில்லை. உள்ளே வருகிறவர் "கடைசி யாரு?" என்று கேட்பார். யாராவது ஒருவர் "நான்தான்" என்பார். அந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். பிறகு சுவரில் சாயலாம், ஊர்க்கதை பேசலாம், வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டுக்கூட வரலாம். முறை மாறாது. வரிசை காலில் இல்லை, வாயில் இருக்கிறது. எவெலியாவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வாய் வராது. கேட்டு, அதற்கு வரும் பதிலை இன்னொரு முறை காதால் கேட்க முடியாது.

கடைசியாக அவள் அதைக் கேட்டது 1986 நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை, சதுக்கத்து வங்கியில். இறந்துபோன அப்பாவின் கணக்குப் புத்தகத்துக்கு ஏதோ ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அப்போது முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. உள்ளே நான்கு பேர் இருந்தார்கள்: ஓய்வுபெற்ற தபால்காரர், மருந்துக்கடை அக்கா தங்கை இருவர், ரொட்டி வண்டிக்காரர் நீனோ.

"கடைசி யாரு?"

"நான்தான்மா. எனக்கப்புறம் நீ" என்றார் நீனோ. புருவத்தில் கோதுமை மாவு ஒட்டியிருந்தது.

அடுத்து உள்ளே வந்த இருவரும் யார் கடைசி என்று கேட்கவில்லை. முகத்தில் கம்பளிக் குல்லாயை இழுத்துவிட்டிருந்தார்கள், கையில் துப்பாக்கி. அரை மணி நேரத்தில் சதுக்கம் முழுவதும் போலீஸ். அதற்குப் பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது. தொலைபேசி அடிக்கும், பேசுவார்கள், வைப்பார்கள். வெளியே இருந்தவர்களுக்கு ஆட்கள் வேண்டும். உள்ளே இருந்தவர்களுக்குத் தப்பிக்க வழி வேண்டும். கேட்ட பொருள் ஒன்று வந்தால் ஓர் ஆளை விடுவதாகப் பேச்சு.

இரண்டு கொள்ளைக்காரர்களில் மூத்தவன் பேச்சிலேயே தெரிந்தது, இந்தச் சமவெளிக்காரன்தான். "யாரு முதல்ல வந்தது?" என்று கேட்டான். ஒருவரும் சண்டை போடவில்லை. சிகரெட்டுக்குத் தபால்காரர் போனார். சாப்பாட்டுக்கு அக்கா தங்கை இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். "கடைக்கு வரும்போது சேர்ந்து ஒரே முறையைத்தானே எடுத்துக்குவீங்க? போங்க, ஒண்ணாவே போங்க" என்று அவன் சொன்னதற்கு அந்த நேரத்திலும் யாரோ சிரித்தார்கள்.

நான்கு மணிக்கு, காருக்குப் பெட்ரோல் வந்தது.

"அடுத்து?"

நீனோ எழுந்து உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தார். அவர் வாய் திறப்பதற்குள் எவெலியா சொன்னாள்: "நான்."

"இல்லம்மா, எனக்கப்புறம்தானே நீ? நீ கேட்ட, நான்தானே சொன்னேன்?"

"இல்ல. நான்தான் முன்னாடி. இவரு எனக்குப் பின்னாடி வந்தவரு."

மூத்தவன் காசாளரைப் பார்த்தான். காசாளர் தலையைத் தூக்காமலே, தான் கவனிக்கவில்லை என்றார். "சரி, பொம்பளை பொய் சொல்ல மாட்டா. போ வெளிய."

சதுக்கத்தைக் கடக்க அவளுக்கு ஐம்பது அடி. பின்னால் கதவு மூடியது. இருபது நிமிடம் கழித்து எங்கோ ஒரு கண்ணாடி உடைந்த சத்தத்துக்குப் பயந்து இளையவன் சுட்டான். குண்டு நீனோவின் மேல் பட்டது. காசாளர் மேசைக்கடியில் கிடந்து தப்பித்தார். அவரும் பத்து வருடத்தில் வயதாகிப் போய்ச் சேர்ந்தார். மற்றபடி நடந்ததை அறிந்தவர்கள் அந்த இரண்டு கொள்ளைக்காரர்கள்தான். அவர்களை யார் கேட்டார்கள்?

ஏன் அப்படிச் சொன்னோம் என்று எவெலியா பல வருடம் காரணம் தேடியிருக்கிறாள். வீட்டில் தொட்டிலில் குழந்தை அழவில்லை. நோயாளித் தாய் காத்திருக்கவில்லை. பயம், அவ்வளவுதான்.

அன்று மாலை போலீஸ் அதிகாரி ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, "அவர் உங்களுக்கு முறையை விட்டுக்கொடுத்தாரா, அம்மா?" என்று கேட்டார். அந்தப் பொய்யை அவள் உண்டாக்கவில்லை. எதிரில் தட்டில் வைத்து நீட்டினார்கள். தலையாட்டினாள். மறுநாள் பத்திரிகையில் வந்துவிட்டது. அடக்கத்துக்கு முன் நீனோவின் மனைவி ஒப்தூலியா வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "கடைசியா என்ன சொன்னான் அவன்?"

ஏதாவது கொடுத்தாக வேண்டும். வெறுங்கையோடு எப்படி அனுப்புவது? "'நீ போம்மா, எனக்கு அவசரமில்ல'ன்னு சொன்னார்" என்றாள் எவெலியா.

பாதிரியார் அந்த வாக்கியத்தைப் பிரசங்கத்தில் சொன்னார். ஊர் அழுதது.

அதன் பிறகு ஒப்தூலியாவின் வீட்டுக்கு அவள் போகத் தொடங்கியது பரிகாரமாகத்தான். பள்ளிக்கூடத்தில் நீனோவின் மகள் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது. சாயங்காலம் நான்கு மணிக்குச் சீட்டாட்டம். ஒப்தூலியா வெட்கமில்லாமல் சீட்டை ஒளிப்பாள். பிடிபட்டால் "என் கண்ணு சரியில்ல மகளே, உன் கண்ணுல கொஞ்சம் குடு" என்பாள். மகள் வளர்ந்து பில்பாவோவுக்குப் போனாள். இரண்டு கிழவிகளும் நான்கு மணியும் மிஞ்சினார்கள். பரிகாரம் எப்போது பாசமாக மாறியது என்று எவெலியாவுக்குச் சொல்லத் தெரியாது. மாறிய பிறகு சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. சொன்னால் அந்த நான்கு மணி போய்விடும். அதைத் தவிர அவளுக்கு வேறு என்ன இருந்தது?

சதுக்கத்து வங்கியை மூடி ஆறு வருடம் ஆகியிருந்தது. இப்போதெல்லாம் வியாழக்கிழமைகளில் ஒரு பேருந்து வரும், அதற்குள்ளேதான் வங்கி. செப்டம்பரில் மாட்ரிட்டிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்து பழைய கட்டடத்தைத் திறந்தார்கள். பளிங்கு மேசை, கம்பித் தடுப்பு, சுவர்க் கடிகாரம் எல்லாம் அப்படியே இருந்ததில் அவர்களுக்கு ஒரே சந்தோஷம். எட்டு வாரத் தொடர். வங்கிக் கொள்ளை, பிணைக்கைதிகள், வெளியே போலீஸ். பெயர்களை மாற்றிவிட்டார்கள். வாடிக்கையாளர்களாக உட்கார உள்ளூர் ஆட்கள் வேண்டும் என்று தேநீர்க் கடையில் அறிவிப்பு ஒட்டினார்கள்.

"நம்ம ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன்" என்றாள் ஒப்தூலியா சீட்டைக் கலைத்தபடி.

"நான் வரல. முட்டி வலி."

"பிணைக்கைதிக்கு முட்டி எதுக்குடி? உட்கார்ந்துதானே இருக்கப் போற."

"வேணாம், ஒப்தூலியா. கேலி இல்ல. வேணாம்."

ஒப்தூலியா சீட்டுக் கட்டைக் கீழே வைத்தாள். "அவன் செத்த இடத்துக்குள்ள நான் ஒரு தடவைகூடக் காலெடுத்து வெச்சதில்ல. பணம் எடுக்கக்கூடப் பக்கத்து ஊருக்குப் போனேன். இப்ப எனக்கு எழுபத்து மூணு. தனியா போக முடியாது. நீ வந்தா போவேன்."

அதற்கு மேல் எவெலியாவால் மறுக்க முடியவில்லை.

படப்பிடிப்பன்று அவர்களுக்கு எண்பதுகளின் தோளில் பஞ்சு வைத்த கோட்டுகளை மாட்டிவிட்டார்கள். நெரேயா என்ற உதவி இயக்குநர், காதில் ஒயரும் கையில் அட்டையுமாக, ஒவ்வொருவரையும் சட்டை நிறம் பார்த்து நிறுத்தினாள். கேமரா ஓடத் தொடங்கியது. வாசல் வழியாக இறைச்சிக் கடைக்காரன் வாடிக்கையாளராக உள்ளே வந்தான்.

"கடைசி யாரு?"

"நான்தான்" என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

"கட்! ஐயா, நீங்க பேசக்கூடாது. சும்மா வந்து நிக்கணும்."

"பேசாம எப்படிம்மா வரிசையில சேர்றது? குழப்பமாயிடாதா?"

இரண்டாவது டேக்கில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் வந்த கிழவர் கேட்டுவிட்டார். மூன்றாவதில் கேட்டது ஒப்தூலியா. நெரேயா அட்டையால் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டாள். "பாட்டி, இப்பதானே சொன்னேன்!"

"தும்மல் மாதிரி மகளே. வந்தா வந்ததுதான். பாட்டின்னு கூப்பிட்டா இன்னும் நாலு தடவை தும்முவேன்."

இயக்குநர் திரைக்குப் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். அப்படியே இருக்கட்டும் என்றார். "அன்னைக்கும் இந்த முறைப்படிதான் வெளிய விட்டாங்களா?" என்று கேட்டார். எல்லாருடைய பார்வையும் எவெலியாவின் பக்கம் திரும்பியது. அவள் தலையாட்டினாள். தலையாட்டுவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

கந்தேலா என்ற இளம் நடிகை வந்து அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள். "நான்தான் நீங்க" என்றாள் புன்னகையோடு. "அவர் விட்டுக்கொடுத்தப்ப நீங்க என்னம்மா செஞ்சீங்க? அழுதீங்களா, கையப் பிடிச்சீங்களா?"

"ஞாபகமில்லம்மா."

ரொட்டிக்காரனாக நடித்தவன் தாடியும் அகன்ற தோளுமாக இருந்தான். ஒப்தூலியா முழங்கையால் இடித்தாள். "அவன் இவன் மாதிரி அழகா இருந்திருந்தா நான் பாங்குக்குத் தனியா அனுப்பியிருப்பேனாடி?"

அந்தக் காட்சி வந்தது. குல்லாய்க்காரன் "அடுத்து?" என்றான். தாடிக்காரன் எழுந்தான், கந்தேலாவை ஒரு கணம் பார்த்தான், மிக மெதுவாக, "நீ போம்மா, எனக்கு அவசரமில்ல" என்றான். நன்றாகச் சொன்னான். நெரேயாவே கண்ணைத் துடைத்தாள். எவெலியா பயந்தபடியே பக்கத்தில் திரும்பினாள். ஒப்தூலியா அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தாள்.

ஒப்தூலியாவின் முகம் கல்லாக இருந்தது. "கட்" என்ற குரல் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள்.

சதுக்கத்துக்கு எதிரே மருந்துக்கடைப் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். எவெலியா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேட்டியா?" என்றாள் ஒப்தூலியா. "அவனுக்கு அவசரமில்லையாம்."

"ஒப்தூலியா..."

"முப்பத்தேழு வருஷமா அந்த ஒரு வார்த்தைதான்டி தொண்டையில முள்ளு. இன்னைக்கு ஒரு உடம்பும் குரலும் வந்து அதைச் சொல்லுது. வீட்டுல ஆறு வயசுப் பொண்ணு காய்ச்சல்ல கெடந்தா. பாங்கு முடிச்சு, மருந்து வாங்கிட்டு ஓடி வந்துடுறேன்னு போனவன். எவளோ ஒருத்திகிட்டப் பெரிய மனுஷனா நிக்கணும்னா அவசரமில்லையாம். ஊருக்குப் பெரிய மனுஷன். எனக்கு யாரு?"

எவெலியா எதிரே வங்கி வாசலைப் பார்த்தாள்.

"உன்னை ஏன் வெறுக்கலன்னு நீ யோசிச்சிருப்ப. உன்னை எப்படி வெறுப்பேன்? நீயா கேட்ட? அவனாத்தானே குடுத்தான். அதனால அவனை வெறுத்தேன். சகல புனிதர் திருநாளுக்குக் கல்லறையில பூ வெப்பேன், ஊரு பாக்குதேன்னு. மத்தவளுங்க எல்லாம் கல்லைத் துடைச்சுக்கிட்டே புருஷன்கிட்டப் பேசுவாளுங்க. நான் ஒரு வார்த்தை பேசினதில்ல அவன்கிட்ட."

ஆறுதலாகக் கொடுத்த வாக்கியம் அது. ஒரு பெண்ணின் கையில் வெறுமையை வைக்கக்கூடாதே என்று கொடுத்தது. அது இத்தனை வருடமும் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தது என்று எதிரில் உட்கார்ந்து சீட்டாடியவளுக்குத் தெரியவில்லை. இப்போதும் பேசாமல் இருக்கலாம். பேசாமல் இருந்தால் நாளை நான்கு மணி உண்டு. நீனோவுக்கு மட்டும் எதுவும் இருக்காது.

"அவர் குடுக்கல" என்றாள் எவெலியா.

"என்ன?"

"அவர் எனக்குக் குடுக்கல. அவருதான் முன்னாடி, அதை அவரே சொன்னார். அதுதான் உண்மை. நான் இல்லன்னேன். நான் பொய் சொல்லிட்டு வெளிய வந்தேன், ஒப்தூலியா."

மருந்துக்கடையின் பச்சை விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. ஒப்தூலியா மிகவும் தணிந்த குரலில் கேட்டாள்: "வேற என்ன சொன்னான்?"

அதை எவெலியா தனக்குத்தானேகூட இத்தனை வருடத்தில் திருப்பிச் சொல்லிப் பார்த்ததில்லை. "நான் கதவுகிட்டப் போயிட்டேன். அப்ப அந்த ஆளுகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தார். 'வீட்டுல பொண்ணுக்குக் காய்ச்சல், என்னை விட்டுடுங்க'ன்னு."

ஒப்தூலியா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கிடையே வந்தது அழுகையா வேறேதாவதா என்று தெரியவில்லை. "வரணும்னு பாத்திருக்கான்" என்றாள். "வீட்டுக்கு வரணும்னுதான் பாத்திருக்கான்."

எவெலியா அவள் தோளைத் தொட்டாள்.

"தொடாத." குரல் உயரவில்லை. "எந்திரி. என் பக்கத்துல உட்காராத."

நெரேயா ஓடி வந்தாள். "ரெண்டு பேரும் வாங்க, அடுத்த டேக். உங்க முகம் பிரேம்ல இருந்திருக்கு, நீங்க இல்லன்னா தெரிஞ்சிடும்." ஒப்தூலியா தோள்பட்டைக் கோட்டைக் கழற்றி அவளுடைய கையில் வைத்துவிட்டு, சதுக்கத்தைக் கடந்து வீட்டைப் பார்த்து நடந்தாள்.

எவெலியா உள்ளே போனாள். கந்தேலாவிடம், "அவர் அப்படிச் சொல்லலம்மா. நான்தான் அவர் முறையைப் பிடுங்கினேன்" என்றாள். கந்தேலா அவளை அணைத்துக்கொண்டாள். அதிர்ச்சியில் பேசுகிறாள், தன்மேலேயே பழி போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். நெரேயாவுக்கு நேரம் இல்லை. "இது கதைதானே அம்மா. பேருகூட வேற. எழுதினது எழுதினதுதான், இன்னைக்கே முடிச்சாகணும்." மாலை ஆறு வரைக்கும் எவெலியா பிணைக்கைதியாக உட்கார்ந்திருந்தாள். அவளாக நடித்த பெண் நான்கு முறை கண்ணீரோடு வெளியே போனாள். நான்கு முறையும் அந்தத் தாடிக்காரனுக்கு அவசரமில்லை.

மறுநாள் நான்கு மணிக்குப் போனபோது ஒப்தூலியாவின் ஜன்னல் திரை கீழே இறங்கியிருந்தது. உள்ளே வானொலி கேட்டது. எவெலியா தட்டினாள், வானொலியின் சத்தம் கூடியது. மூன்று நாள் போனாள். பிறகு போகவில்லை. ஒப்தூலியா ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை என்பது கொஞ்ச நாளில் தெரிந்தது. சொல்லியிருக்கலாம். இறைச்சிக் கடைக்காரன் முன்னைவிட அன்பாக, "நடிச்சதுல எல்லாம் திரும்ப ஞாபகம் வந்துடுச்சு போல, பாவம், ரெண்டு பேரும் வெளியவே வரதில்ல" என்று அவளிடமே சொன்னான். ஈரலில் ஒரு துண்டு கூடவே வைத்துக் கட்டினான்.

நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாள் காலை, எவெலியா இரண்டு கட்டு சாமந்தி வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். ஒன்று அப்பா அம்மாவுக்கு. இன்னொன்று நீனோவுக்கு, இதுவரை ஒருமுறையும் அவருக்கு வாங்கிப்போகத் துணிந்ததில்லை. சைப்ரஸ் மரங்களைத் தாண்டும்போதே குரல் கேட்டது.

ஒப்தூலியா முழங்கால் போட்டு, கையை மடித்துவிட்டு, வாளியும் பிரஷுமாகக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேய்க்கப் பேசினாள். "...உன் வண்டியை வித்துட்டேன். பாதி விலைக்கு, உன்மேல இருந்த கோவத்துல. கோவிச்சுக்காத. ஆமா, சமையலறைச் சுவரை இடிச்சிட்டோம், நீ வேணாம் வேணாம்னு சொன்ன சுவரு. பொண்ணுக்கு ரெண்டு பசங்க. பெரியவனுக்கு உன் மூக்கு, பாவம், என்ன பண்றது. அந்தக் காய்ச்சல் மூணாம் நாளு விட்டுடுச்சு, அதைச் சொல்லலயே உனக்கு..."

சருகு மிதிபட்ட சத்தத்தில் நிமிர்ந்தாள். எவெலியாவைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. பேச்சின் நடுவே யாரோ கதவைத் திறந்துவிட்டால் அவர் போகும் வரை வாயை மூடிக் காத்திருப்போமே, அப்படிக் காத்திருந்தாள். பிரஷிலிருந்து தண்ணீர் சொட்டியது.

எவெலியா விலகி, தோட்டத்தின் உள்பக்கமாக நடந்தாள். இரண்டு வரிசை தள்ளி, அப்பா அம்மாவின் கல்லின்மேல் இரண்டு கட்டுகளையும் வைத்தாள். பூ அதிகமாகி ஒரு பக்கம் சரிந்தது, சரியவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் குரல் மறுபடி தொடங்கியது. அங்கிருந்து வார்த்தைகள் புரியவில்லை; ஏற்ற இறக்கம் மட்டும் வந்தது. நடுவே ஒரு சிரிப்புச் சத்தம்கூட வந்தது. சொல்ல முப்பத்தேழு வருடம் இருந்தது. பன்னிரண்டு மணிப் பூசைக்கு மணி அடித்து ஊர் முழுவதும் கோவிலுக்குள் போன பிறகும் அது நிற்கவில்லை. எவெலியா கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தபடி, வெளியே போகும் பாதை அந்த இன்னொரு கல்லைத் தாண்டித்தான் போகிறது என்பதால், எழாமல் இருந்தாள்.